மருந்தை முறிக்கும் பழம்

வெம்பக்கோட்டை
4.3.2024

அருணாதேவிக்கு அத்தை செல்லத்தாய் எழுதிக்கொண்டது.

அன்று வீட்டில் இருந்தது நான், நீ, என் மகன் சங்கிலிமுத்து, அவன் சித்தப்பா நாகையா, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி. இத்தனை பேர் பார்க்க, சீக்காளிப் புருஷன் கையில் நான் கொடுத்த வாழைப்பழத்தைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டவள் நீ. வெடிமருந்து கலக்குகிறவனுக்குப் பழம்தானே முறிவு? வயிற்றுக்குள் போன தூளை அடித்துக்கொண்டு இறங்கும் என்று பட்டாசுக் கம்பெனியிலேயே சாயங்காலம் ஆளுக்கொரு பழம் கொடுக்கிறார்கள். மலம் இளக்கும், குடல்புண் ஆற்றும், ஓடாய்த் தேய்ந்த உடம்புக்குத் தெம்பு கொடுக்கும். "யம்மா, கிட்னி டாக்டரே தெனம் ரெண்டு பழம் திங்கச் சொல்லிட்டாரு" என்று அவன் வாயாலேயே என்னிடம் சொன்னான். நீ பிடுங்கிய மறுநாள் போய்ச் சேர்ந்தான். அதனால்தான் பேத்தி பானுப்பிரியாவிடம், "ஒங்கப்பன் பழத்துக்கு ஏங்கிச் செத்தான், ஒங்கம்மாதான் காரணம்" என்று சொன்னேன். போனில் பேசினால் வைத்துவிடுவாய். கடிதத்தை வைக்க முடியாது.

சாத்தூர்
11.3.2024

அத்தைக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

நீங்கள் ஏசியதற்கு ஒருநாளும் நான் பதில் பேசியதில்லை. இப்போது என் மகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் சொல்கிறேன். டாக்டர் சொன்னது பழமே கூடாது என்று. "வாழைப்பழத்துல பொட்டாசியம் ஜாஸ்தி. கெட்டுப்போன கிட்னி அதை வெளியேத்தாது. நெஞ்சு நின்னுரும்" என்றார். வெளியே வந்ததும் உங்கள் மகன் சிரித்தார். "பொட்டாசியம் எங்க மருந்து ரூம்ல மூட்டை மூட்டையாக் கெடக்கு. அது பழத்துல இருக்காம்லா! உரிச்சா வெடிக்குமாக்கும்?"

உங்களிடம் சொல்கிறேன் என்றேன். "எங்கம்மாகிட்டச் சொன்னே, டயாலிசிஸுக்கே வரமாட்டேன்" என்று மிரட்டினார். அவர் போன பிறகும் சொல்லவில்லை. பழத்தைக் கொடுத்தது உங்கள் கை; தெரிந்தால் தாங்கமாட்டீர்கள்.

மருமகள்
அருணாதேவி

வெம்பக்கோட்டை
19.3.2024

அருணாதேவிக்கு செல்லத்தாய் எழுதுவது.

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தேன். பானுப்பிரியாவுக்குப் போன் போட்டு, "ஒங்கம்மா பிடுங்கினது ஒங்கப்பனைக் காப்பாத்தத்தான் தாயி" என்று சொல்லிவிட்டேன். அவள் உன்னோடு பேசாவிட்டால் எனக்குச் சொல். நீ இங்கே வர வேண்டாம். இழவு வீட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றாயே, அந்தக் கோபம் ஆற நாளாகும். ஆறும்.

அன்று உன்னை "புருஷன் திங்கப் பொறுக்காத மூதேவி" என்று ஏசினேன். உண்மை தெரிந்தவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். உன்னையும் காப்பாற்றவில்லை, என்னையும் தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, விரலில் ஒட்டியிருந்த பழத்தை நக்கிக்கொண்டிருந்தான்.

செத்தவனை ஏசக் கூடாது என்கிறார் நாகையா. இருக்கன்குடி மாரியாத்தா நேரில் வந்து கேட்டாலும் நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான். சங்கிலிமுத்து.