அண்ணாச்சி நின்றால் நிற்கும் பஸ்

ஜூன் 9, திங்கள்
குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். வாய்க்கால் பாலம் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் டவுன் பஸ் நிற்பதில்லை. அவர்களுக்குப் பயணம் இலவசம் என்றால் அங்கே ஆளே இல்லை என்று அர்த்தமா? தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் மனுவைப் படித்தவன் எழுதிய மனு. ஒரு காற்புள்ளி தப்பில்லை.

ஜூன் 11
பக்கத்து வீட்டு முத்துராணி, சுற்றிய பீடியை நேரத்துக்குக் கடையில் சேர்க்க வேண்டும். பிந்தினால் வாங்க மாட்டார்கள். மூன்று பஸ் நிற்காமல் போய்விட்டதாம். "அண்ணாச்சி, சும்மா வந்து நில்லுங்க. ஒங்களப் பாத்தா நிப்பாட்டுவான்."
போய் நின்றேன். நின்றது! ஏழு பெண்கள் ஏறினார்கள். நான் ஏறவில்லை. கண்டக்டர் முறைத்தார்.

ஜூன் 18
தினமும் நிற்கிறேன். "ரிட்டயர் ஆனப்பொறவு இப்பந்தான் ஒங்களால ஒரு பிரயோசனம்" என்கிறாள் என் மனைவி நீலாம்பாள்.

ஜூன் 24
பதில் வந்துவிட்டது. 'ஜூன் 17 காலை 9.10 மணிக்கு நடந்த கள ஆய்வில் பேருந்து முறையாக நின்று செல்வது கண்டறியப்பட்டது. மனு முடித்துவைக்கப்பட்டது.'
ஐயோ — அன்றைக்கு நான்தானே நின்றேன்! என் மனுவை நானே கெடுத்தேனா?
முத்துராணி சிரிக்கவில்லை. "அப்ப நாங்க நின்னா அது கணக்கில்லையா அண்ணாச்சி?"

ஜூன் 30, திங்கள்
இந்த முறை மனு அவர்களுடையது. நாற்பத்தொரு பெண்கள், ஆளுக்கு ஒன்று. முத்துராணி எழுதியது இரண்டே வரி: 'ஆய்வுக்கு பெண் அதிகாரி வரணும். அன்னைக்கு ஆவுடைநாயகம் அண்ணாச்சி வீட்டுக்குள்ள இருக்கணும்.' காற்புள்ளியே இல்லை. என்னுடையதைவிட நல்ல மனு.

ஜூலை 3
சுகிர்தா என்ற அதிகாரி வந்தார். சாதாரணச் சேலை, தோளில் பை. நீலாம்பாள் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நிறுத்தம் வீட்டுக்கு எதிரேதான்; ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதிகாரி கை நீட்டினார். பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.
"இன்னும் நிக்கியளா மேடம்?" என்று கேட்டாள் முத்துராணி.

ஜூலை 8
ஏன் நிற்கவில்லை என்று விளக்கம் கேட்டு டிரைவர்களுக்கு ஓலை போயிருக்கிறது. முத்துராணி தனியாக நின்றாள். பஸ் நின்றது. என்னை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்சம் வருத்தந்தான்.

ஜூலை 21
ஜங்ஷனில் ஒரு வேலை. நிறுத்தத்தில் நான் மட்டும். கை நீட்டினேன். டிரைவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். போயே போய்விட்டார். ஏறாதவன் என்று பெயர் வாங்கியாயிற்று.
மனுவுக்கு மனசுக்குள் முதல் வரி எழுதிக்கொண்டிருந்தபோது முத்துராணி வந்தாள். பீடிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கையைத் தூக்கினாள். அடுத்த பஸ் நின்றது.
"பையப் பைய ஏறுங்க அண்ணாச்சி" என்றாள்.