குடுகுடு சத்தம் தேடி வந்தவர்கள்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ நலமாயிருப்பதை உன் படங்கள் சொல்கின்றன, இளைத்துப் போனதையும் அவையே சொல்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டு, இது யார் பார்த்த வேலை என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

என் இணையதளத்தில் விளம்பரம் போடும் நிறுவனம் போன வியாழக்கிழமை என் கணக்கை முடக்கிவிட்டது. போலி கிளிக்குகள் என்று காரணம் சொல்கிறார்கள். இந்தத் தொழில் உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் தெரிந்துகொள். இணையத்தில் வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று தேடுபவர்களின் கண்ணில் பட, பெரிய கம்பெனிகள் தேடுதளத்துக்குக் கொட்டிக் கொடுக்கின்றன, அங்கே நமக்கு இடமில்லை. ஆனால் மெஷின் மக்கர் செய்கிற வீட்டில் யாரும் முதலில் ரிப்பேர் என்று தேடுவதில்லை, கடகடன்னு ஆடுது, கிறீச்சுன்னு கத்துது, தண்ணி போறப்ப குடுகுடுங்குது என்றுதான் தட்டுகிறார்கள். அந்தச் சொற்களுக்குக் காசு கட்ட ஆளில்லை, நான் சல்லிசாகக் கட்டினேன். அப்படித் தேடுகிறவர் என் விளம்பரத்தைத் தொட்டு என் பக்கத்துக்கு வருவார், சத்தம் எதனால், தானே சரிசெய்யலாமா, ஆளைக் கூப்பிட வேண்டுமா என்று படிப்பார், பக்கத்திலேயே இருக்கும் உதிரிபாக விளம்பரம் தேவைப்பட்டால் அதைத் தொடுவார், அதற்கு எனக்குக் காசு. வரவழைக்க ஒரு பங்கு செலவு, வந்தவரால் ஒன்றரைப் பங்கு வரவு, நடுவில் நிற்கிற அரைப் பங்குதான் உன் விடுதிக் கட்டணம். இதற்காக மூன்று மாதம் மெக்கானிக் அண்ணன் பின்னாலேயே வீடு வீடாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு மெஷின்களைக் கேட்டேன். ஏம்மா, டாக்டர் மாதிரி காதை வெச்சுப் பாக்கறியே, ஃபீஸ் உனக்கா எனக்கா என்று அவர் கேலி செய்வார்.

கணக்கு முடங்கிய அன்று, யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். மூன்று வாரமாக நீ படிக்கிற ஊரிலிருந்து தினமும் முப்பது பேர், காலை ஏழிலிருந்து ஏழரைக்குள், எல்லோரும் குடுகுடு பக்கத்துக்கே வந்து, ஒரு வரிகூடப் படிக்காமல் விளம்பரத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஞாயிறு மட்டும் பத்தரைக்கு. முப்பது மெஷின்கள் ஒரே நேரத்தில் கெட்டுப்போகலாம், ஞாயிறானால் சேர்ந்து தூங்குமா என்ன? பத்து நாள் முன்னால் நீ கூப்பிட்டு, அம்மா, இப்ப காசு நல்லா வருதா என்று கேட்டுவிட்டுக் கமுக்கமாகச் சிரித்தாயே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுதியில் காலைச் சாப்பாட்டு வரிசையில் நிற்கிற பெண்களிடம், போனை எடுங்கடி, எங்கம்மாவுக்காக ஒரு அமுக்கு அமுக்குங்க என்று சொல்லியிருப்பாய். பாசத்தில் செய்தாய், தெரியும். ஆனால் அந்த விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறவர் எங்கோ ஒரு சின்னக் கடைக்காரராக இருக்கலாம், எதையும் வாங்கப் போகாத முப்பது பேருக்கு அவர் தினமும் காசு அழுதிருக்கிறார். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வரவு ஏறியதும் என் எழுத்துக்குத்தான் இவ்வளவு கூட்டம் என்று நம்பினேன், ஏன் என்று பார்க்கவே இல்லை. குடுகுடுவுக்குக் கட்டுகிற காசை இரட்டிப்பாக்கினேன். அந்தப் பக்கத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்தும் காட்டினேன், பாவம், அவரும் கேட்டார்.

பெரியப்பா இதற்காகவே காத்திருந்தவர் போலப் பேசினார். அப்பவே சொன்னேன், காத்தை வித்துக் காசு பாக்க முடியாதுன்னு, ஒண்ணாம் தேதியிலருந்து நம்ம பெயிண்ட் கடையில பில் போட வந்துடும்மா, ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு, வேற என்ன வேணும் என்றார். நாற்சந்தியில மாசா மாசம் வாடகை குடுத்து போர்டு வெச்சிருக்கீங்களே, எதுக்கு, போறவங்க கடைக்கு வரத்தானே, நானும் அதைத்தான் செய்யறேன் என்றேன். போர்டு கண்ணுக்குத் தெரியும்மா என்றார். தெரிஞ்சு என்ன, பாதி உரிஞ்சு கெடக்கு, அதுவும் பெயிண்ட் கடை போர்டு என்று பெரியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுக்க, சிரிப்பை அடக்கப் போய் அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. பெரியப்பா கெட்டவரில்லை. படிப்பை விட்டுவிட்டு, பத்தொன்பது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது வேலை கொடுத்தவர் அவர்தான். நாலு வருடம் பில் போட்டேன். அங்கே யாரும் என்னைத் திட்டியதில்லை, யாரும் என்னிடம் எதையும் கேட்டதுமில்லை. கல்லாவுக்கு அடியில் புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்தேன். முப்பத்தெட்டு வயதில் மறுபடி மறைக்க மாட்டேன்.

முறையிட ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுக்கிறார்கள். என்ன நடந்தது என்று எழுத ஒரு கட்டம். போட்டிக்காரன் பண்ணிட்டான்னு எழுது, எவன் வந்து பாக்கப் போறான் என்று பெரியப்பா யோசனை சொன்னார். என் தளத்துக்குப் போட்டிக்காரனே கிடையாது, அதுதான் அதன் அழகு. உள்ளதை எழுதினேன். என் மகள் எனக்கு உதவுவதாக நினைத்துத் தோழிகளை வைத்துச் செய்தாள், நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை, அந்த மூன்று வாரக் காசைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. உன் பேரையோ கல்லூரிப் பேரையோ எழுதவில்லை. ஒத்துக்கொண்டால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். சாத்தட்டும். வடிகுழாயைக் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள், குடுகுடு நின்றுவிடும், மெக்கானிக்குக்குத் தண்டம் அழாதீர்கள் என்று முகம் தெரியாதவர்களுக்கு எழுதுகிறவள் நான். அந்த ஒரு கட்டத்தில் பொய்யை நிரப்பிவிட்டு மறுநாள் என் பக்கத்தில் எந்தக் கையால் எழுதுவேன்?

உன் தோழிகளை உடனே நிறுத்தச் சொல். என்னிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேள், போதும், தினமும் கேட்டு உயிரை வாங்காதே. படிப்பை விடுகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று வீர வசனமும் வேண்டாம், கட்டணம் என் பாடு. அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். முப்பது பேரையா வரிசையில நிக்க வெச்சா என்று கேட்டார், கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். பெரியப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், உன் பிள்ளைகள் காலம் வரை சொல்லிக்காட்டுவார். வலிக்கிறது என்றாயே, அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. யார் முன்னாலும் தலை குனியாமல், நிறைந்த ஆயுளோடு நீ நன்றாயிருக்க வேண்டும்.

என்றும் உன்,
அம்மா

இதைத் தபாலில் போடுவதற்குள் பதில் வந்துவிட்டது, அதையும் சேர்த்துவிடுகிறேன். முறையீட்டை நிராகரித்துவிட்டார்கள், இனி அவர்கள் விளம்பரம் என் தளத்தில் வராது. பதினோரு உதிரிபாகக் கடைகளுக்கு நேராகவே எழுதிக் கேட்டேன், இரண்டு கடைகள் மாத வாடகைக்கு விளம்பரம் கொடுத்திருக்கின்றன. சொற்களுக்குக் கட்டுகிற காசுக்கு அது சரியாகிறது, உன் கட்டணத்துக்கு இன்னும் மூன்று கடைகள் வேண்டும். ஒன்றாம் தேதி நேற்று. பெரியப்பா பில் போட வேறு பெண்ணை எடுத்துவிட்டார்.