அப்பாவின் கைநாட்டு

டோர்செட் பார்க், டொராண்டோ
12-2-1975

அன்புள்ள அம்மாவுக்கு, செண்பகம் எழுதுவது. நான் சௌக்கியம். அப்பாவின் இருமல் நின்றதா? எழுத்து கோணலாக இருக்கிறதே என்று, இதை உனக்குப் படித்துக்காட்டும் உமாபதி வாத்தியார் திகைக்க வேண்டாம். இது நானே எழுதியது.

நான் வேலை செய்யும் வீட்டுக் கல்யாணி அம்மா, வாரப் பத்திரிகையில் ஒரு நடிகை எழுதும் வாழ்க்கைக் கதையை எனக்குப் படித்துச் சொல்வார். நல்ல கட்டம் வந்ததும், "மீதி நாளைக்கு, செண்பகம்" என்று மூடிவிடுவார். பொறுக்க முடியாமல், குழந்தை தூங்கும் நேரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டேன்.

போன வாரம் நானே படித்தேன். படப்பிடிப்பு நிற்கக்கூடாதென்று, அந்த நடிகையின் அப்பா இறந்த தந்தியை அவளிடம் பத்து நாள் மறைத்துவிட்டார்களாம். உடனே நீ தீபாவளிக்குப் போட்ட கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அச்செழுத்துதான் படிக்க வருகிறது. வாத்தியாரின் வேகமான கையெழுத்து பிடிபடவில்லை. ஒரே ஒரு வார்த்தை தெரிந்தது: ஆஸ்பத்திரி. கல்யாணி அம்மா அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னதே இல்லை. கேட்டால், "எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதான் எழுதியிருக்கு, போய் வேலையைப் பாரு" என்கிறார். நல்லவர்தான். எனக்குக் கம்பளிக் காலுறைகூட வாங்கித் தந்தார்.

நீ கவலைப்படாதே. பதிலைப் பத்திரிகையில் இருப்பதுபோல் தனித்தனி எழுத்தாக வாத்தியாரை எழுதச் சொல். சுக்குப் பொடி கொஞ்சம் அனுப்பு.

குழந்தை எழுந்துவிட்டாள், முடிக்கிறேன். கடிதத்தின் அடியில் அப்பாவைக் கைநாட்டு வைக்கச் சொல். அதைப் படிக்க எனக்கு யாரும் வேண்டாம்.

உன் மகள்
செண்பகம்