மாமனார் போட்ட தாளம்

போயா தினம், இரவு

காலையில் முதல் வேலையாக டிவியில் ஸ்பீக்கரை மாட்டினேன். இன்று பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு, எல்லோரும் வீட்டில். பெரிய பெண் கலைஞர் ஒருவர் செல்லோ எனும் பெரிய வயலினை வாசிப்பதைக் கேட்டால், மகள் நிலாவைக் கண்டிக்குச் செல்லோ வகுப்புக்கு அனுப்பச் சம்மதிப்பார்கள் என்று நம்பினேன்.

மாமனார் தொடையில் ஆதிதாளம் போட்டார். வேகம் மாறியதும் அவருக்குக் கோபம். “தாளத்துக்கே நிக்க மாட்டேங்குதே இந்தம்மா!”

“மதினி, அந்தம்மாவுக்குக் கை நடுங்குது பாருங்க. டொக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க” என்றான் கொழுந்தன். தந்தியில் விரலை வேண்டுமென்றே அப்படி அசைப்பதில்தான் சுரத்துக்கு உயிர் வருகிறது என்றேன். சிரித்தார்கள்.

என் கணவர் முடித்தே வைத்தார். “நடுங்கப் படிக்கவா கண்டிக்குப் போகணும்?”

நிலா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போகிறேன். யாரிடமும் கேட்கப்போவதில்லை.