எட்டா, ஒன்பதா

மூன்றாம் தேதி, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழங்கால் மட்டும் கடைசி பெஞ்சுக்காரன் மாதிரி அவ்வப்போது முரண்டு பிடிக்கும். அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ எதற்கெடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். வீடு பார்ப்பது அப்படிச் சரி போட்டு முடிக்கிற காரியம் இல்லை.

தொழிற்சாலை இங்கே மாறுகிறது, மாதக் கடைசிக்குள் குடும்பத்தோடு வந்தாக வேண்டும், எந்தப் புறநகர் என்பதை நீயே முடிவு செய் என்று எழுதியிருந்தாய். பத்து நாளாக வீட்டுப் புரோக்கரோடு அலைகிறேன். மூன்று இடம் பார்த்தாயிற்று.

முதல் இடம் ரயில் நிலையத்துக்கு அருகில். "ஸ்டேஷன் நடக்குற தூரம்தான் டீச்சர்" என்றார் புரோக்கர். "யார் நடக்குற தூரம்?" என்று கேட்டேன். அவர் ஆறடி உயரம். சிரித்துக்கொண்டே, "சரி, நான் நடக்குற தூரம்" என்று ஒப்புக்கொண்டார். வீடு நல்ல வீடு. ஆனால் வாசலை விட்டு இறங்கி ஒரே ஒரு முறை வலப்பக்கம் திரும்பினால் லாரி ஓடும் பெரிய சாலை. கால் மணி நேரம் நின்றும் என்னாலேயே கடக்க முடியவில்லை. பட்டியலில் அதை அடித்துவிட்டேன்.

வலப்பக்கம் எதற்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அண்ணனுக்காகத்தான். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் செருப்பை மாட்டினால் யாரும் நிறுத்த முடியாது. "சோத்துக்கைப் பக்கமே திரும்புடா, வீடு தானா வந்துடும்" என்று சின்ன வயதில் அம்மா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான் அவன் மண்டையில் நிலையாக நிற்கிறது. ஐம்பத்தெட்டு வயதுக்குப் பிறகு வேறு வழி கற்றுக்கொள் என்று சொல்ல முடியுமா? ஆகவே ஒவ்வொரு இடத்திலும் வாசலில் தொடங்கி, சோத்துக்கைப் பக்கமே திரும்பித் திரும்பி நானே நடந்து பார்த்தேன்.

இரண்டாவது இடம் புதிதாகப் போட்ட மனைகள். ஒருத்தனைப் பார்த்து நாற்பது பேர் காப்பியடித்த விடைத்தாள் மாதிரி எல்லா வீடும் ஒரே நிறம், ஒரே கேட். தெருக்கள் வளைந்து வளைந்து போய் எங்கேயோ முட்டி நின்றுவிடுகின்றன. மூன்றாவது திருப்பத்தில் என் எதிரே மதில் சுவர். காவலாளி வந்து, "யாரப் பாக்கணும்மா?" என்றார். திரும்பிப் போக வேண்டிய வீடு எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. "விடுங்க, இங்க குடியிருக்கறவங்களே எங்கிட்ட கேட்டுத்தான் வீட்டுக்குப் போறாங்க" என்று ஆறுதல் சொன்னார்.

மூன்றாவது இடம் பழைய பகுதி. கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேர் நேரான தெருக்கள். நாலு முறை திரும்பினேன்; பதினோரு நிமிடத்தில் அதே வாசல். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை சுற்றினேன். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா குரல் கொடுத்தார்: "ரெண்டு தடவ சுத்திட்டீங்களே, எதாவது தொலைச்சிட்டீங்களா?" மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேராகக் கேட்கிறார்.

கீழ்வீடு முழுக்க நமக்கு. நாலு அறை, பெரிய சமையலறை, தெருவுக்குத் தனிக் கதவோடு பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. இரட்டையர்களுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். பெரியவளுக்குக் கல்லூரிப் பேருந்து தெருமுனையிலேயே நிற்கும். சின்னவள் சைக்கிள் விடலாம். உன் மாமனாருக்கும் மாமியாருக்கும் ஏறி இறங்கப் படிக்கட்டு இல்லை. கஷ்டம் உனக்குத்தான். ரயிலடிக்குப் பேருந்து அரை மணிக்கு ஒன்று. வேலைக்குப் போக முக்கால் மணி நேரம் கூடுதலாகும். மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

எத்தனை பேர் என்று அந்த அம்மா கேட்டார். ஒன்பது என்றேன். "இன்னும் ரெண்டு பேர் சேத்தா கிரிக்கெட் டீமே ஆயிடும்" என்றார். ஆனாலும் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உன் கடிதத்தில் எட்டுப் பேர் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றுலா போகும்போது பேருந்தில் தலை எண்ணச் சொன்னால், வகுப்புத் தலைவன் தன்னை விட்டுவிட்டுத்தான் எண்ணுவான். ஒரு ஆள் குறைகிறது என்று ஊரெல்லாம் தேடுவோம். நீயும் உன்னை எண்ண மறந்திருக்கிறாய். நீ, உன் மனைவி, பிள்ளைகள் நாலு, மாமனார், மாமியார், அண்ணன். ஒன்பது. சரிதானே? ஒரு வரி எழுது. ஒப்பந்தத்தில் எண்ணிக்கை போட வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

*

பதினோராம் தேதி, செவ்வாய்

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நாலு தடவை படித்தேன். எண்ணிக்கையில் தப்பு இல்லை, எட்டுதான் என்று எழுதியிருக்கிறாய். அண்ணனுக்கு அங்கேயே ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்தாயிற்று, இருபதாம் தேதி கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு என்று அடுத்த வரி. அந்த இரண்டு வரிகளையும் நீ எழுதிய கையெழுத்து உன்னுடையது மாதிரியே இல்லை.

நீ சொல்லும் காரணங்கள் எதையும் நான் தள்ளவில்லை. போன மழைக்காலத்தில் குழாய் பதிக்க உங்கள் தெருமுனையைத் தோண்டிப்போட்டார்கள். திரும்ப வழியில்லாமல் அவன் நேரே போனான், போய்க்கொண்டே இருந்தான். இரண்டு நாள் கழித்துப் பேருந்துப் பணிமனையில் பழைய டயர்களுக்கு நடுவே கிடைத்தான். அந்த இரண்டு நாளும் நீ சோறு தண்ணீர் இல்லாமல் திரிந்ததை எனக்கு இப்போதுதான் எழுதுகிறாய். பரீட்சைக்கு நடுவில் பெரியவள் ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும் நின்றதையும் இப்போதுதான். புது ஊரில் இன்னொரு முறை அது நடந்தால் தாங்கமாட்டேன் என்கிறாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் பயந்துதான் இருப்பேன்.

மனசு கேட்காமல், நீ குறிப்பிட்ட இல்லத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். மேலாளர் தன்மையான மனிதர். சாப்பாடு, மருந்து எல்லாம் நேரத்துக்கு என்றார். சாயங்காலம் நடக்க விடுவீர்களா என்று கேட்டேன். "அந்தக் கவலையே வேணாம்மா, கேட்டு எப்பவும் பூட்டிதான் இருக்கும். உள்ள வராண்டா இருக்கு, அதுல நடக்கட்டும்" என்றார். வராண்டா எவ்வளவு நீளம் என்று கேட்டேன். முப்பதடி இருக்கும் என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். முப்பதடியில் எந்தப் பக்கம் திரும்புவது, தம்பி?

பிறகு உன் மனைவியோடு பேசினேன். உன்னிடம் சொல்லியிருப்பாள். நான்தான் முதலில் குரலை உயர்த்தினேன். அது என் தப்பு. கூடப் பிறந்தவனைப் பூட்டி வைப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். அவள் கத்தவில்லை. "அக்கா, இத்தன வருஷமா அவரு துணியத் தோச்சது நான். நீங்க ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் வச்சுப் பாருங்க. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லுங்க" என்றாள். அப்புறம் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் திருத்த முடியவில்லை.

அம்மா காலமான வருடம் உன்னிடம் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். நகரத்தில் வேலை உத்தரவு கையில் இருந்தது. ஒரு வருடம் அண்ணனை நீ வைத்துக்கொள், இடம் பார்த்துவிட்டு நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்றேன். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த ஒரு வருடம் இருபத்தாறு வருடமாகிவிட்டது. நீ ஒரு நாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நானும் நீ சொல்லாததையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறது. நீ கேட்டபடி எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வீடு கிடைத்துவிடும். போட எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால் வீடு போகலாம். அதற்கும் தயாராக இரு.

உன் மனைவியிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல். வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லாதே.

அக்கா

*

பதினான்காம் தேதி, வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

இது உன் கைக்கு அவசரமாகக் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். நாளைக் காலை கிடைத்துவிடும் என்றார்கள்.

நேற்று வீட்டுக்கார அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அடிப்பாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கத்துவாரா?" இல்லை. "அப்ப என்னதான் பண்ணுவார்?" உங்கள் தெருவைச் சுற்றி வருவார் என்றேன். "அன்னைக்கே சொல்லியிருக்கணும் டீச்சர். என்னை ஏமாத்தப் பாத்தீங்க" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைத் தலை குனிய வைத்தவள்.

பிறகு அவரே ஒரு நிபந்தனை போட்டார். ஆளாளுக்கு வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிற வீட்டில் அவனை விட்டுவிட்டுப் போக அவர் சம்மதிக்கமாட்டார். அவனுக்கென்று பொறுப்பாக ஒரு ஆள் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். "யாரு இருப்பாங்க? பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்று பேனாவை எடுத்தார். என் பெயரைச் சொன்னேன்.

ஆமாம், தம்பி. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். என் மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்வதாக இன்று காலை எழுதிக் கொடுத்தாயிற்று. தெருக் கதவு வைத்த அந்தச் சின்ன அறையில் நடுவே ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். பெரிய வீடு முழுக்க உன் குடும்பத்துக்கு. எட்டுப் பேர் என்று நீ சொன்னதை நான் மாற்றவில்லை. அவன் துணியை நான் துவைப்பேன். நாலு மணிக்கு அவன் பின்னால் நான் நடப்பேன். முழங்கால் முரண்டு பிடித்தால் மெதுவாகப் போகச் சொல்வேன், கேட்கிறானா பார்ப்போம். ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சொன்னாளே உன் மனைவி, மாதக் கணக்கெல்லாம் வேண்டாம் என்று அவளிடம் சொல்.

என்னால் முடியாமல் போகலாம். வகுப்பில் நாற்பது பேரை மேய்த்தது வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியும். தெருவில் மறுபடியும் குழி தோண்டுவார்கள், எனக்கும் வயதாகும். அப்போது நாம் உட்கார்ந்து பேசுவோம். அவனும் கூட உட்காரட்டும்.

நாளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன். வேண்டாம் என்றால் நாளைச் சாயங்காலத்துக்குள் போன் செய். ஒரே ஒரு முறை "சரிக்கா" இல்லாமல் மனதில் இருப்பதைப் பேசு. நீ மறுத்தால் கோபப்படமாட்டேன். மறுக்க உனக்கு உரிமை இருக்கிறது.

போன் வராவிட்டால், செவ்வாய்க்கிழமைக் காலை ரயிலில் அங்கே வந்து இறங்குவேன். அந்த இல்லத்துக்கு, இருபதாம் தேதி ஆள் வரவில்லை என்று சொல்லிவிடு. அவன் துணிமணிகளை மூட்டை கட்ட வேண்டாம். நான் வந்து அவனோடு சேர்ந்து அடுக்குகிறேன்.

ஒரே ஒரு உதவி. நாலு வருடத்துக்கு முன் நான் வந்தபோது அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உன்னிடம் "யாரு?" என்று கேட்டான். நீ சிரித்து மழுப்பினாய், நானும் சிரித்தேன். இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை வரை தினமும் அவனிடம் சொல்லி வை. நான் வாசலில் வந்து நிற்கும்போது, நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் இருவருக்கும்
அக்கா