ஒரே நம்பர் ஒட்டிய மோர் மிளகாய்

அன்புள்ள அம்பிகாவுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுவோம், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். லோதி ரோடு பள்ளியில் படித்த தமிழ் மறந்திருக்காது.

நம் மோர் மிளகாய்க்கு நீ வாங்கிக் கொடுத்த உணவுத் துறைப் பதிவு போய்விடும். ஜங்புராவில் ஒரு வீட்டில் அதைத் தின்ற மூன்று பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நேற்று இன்ஸ்பெக்டர் அந்தப் பாக்கெட்டோடு வந்தார், உள்ளே பச்சைப் பூசணம். அது நம் குடிசைக் கேம்ப்பில் கூட இருந்த பவுனு போட்டது. கேம்ப்பை இடித்தபோது மாற்று வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை, இரண்டு பிள்ளைகளோடு நரேலாவில் எனக்குக் கிடைத்த ஒற்றை அறையில்தான் இருக்கிறாள். யமுனைக் கரையில் நாங்கள் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்து மிளகாய்தான் அவளுக்கும். மொட்டைமாடிக்குப் பூட்டு, வெயில் கிடையாது, ஃபேனுக்கு அடியில் காயவைத்து ஈரத்தோடு கட்டிவிட்டாள். பதிவு நம்பர் போட்ட நம் லேபிளை ஒட்டியது நான். இந்த நம்பர் உனக்கு மட்டும்தான் என்று நீ சொன்னாய். ஒரே மீட்டரில் ஐந்து வீட்டுக்கு விளக்கெரித்தவர்கள் நாம், நம்பரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

மாதாஜி, இந்த லேபிளில் போட்டிருக்கிற வீடு எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். புல்டோசர் கொண்டுவந்தவர்களைக் கேளுங்கள் என்றேன். யார் செய்தது என்றார். அடுப்படியில் இருந்த பவுனு பிள்ளைகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். திட்டாதே. அவள் பெயரில் ஒரு காகிதம்கூடக் கிடையாது, சொன்னால் யாரைக் கூட வைத்திருக்கிறாய் என்று வீட்டையும் கிளறுவார்கள். நம்பர் என் பெயர், வீடு என் பெயர், பூசணம் மட்டும் அவள் பெயரா? சட்டம் தப்பு என்று சொல்லமாட்டேன், மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தது நிஜம். ஆனால் சுத்தமான இடத்தில் செய் என்கிறவர்கள், இருந்த இடத்தையும் அல்லவா பிடுங்கினார்கள். அவர் போனதும், அக்கா, நான் கேம்ப் இருந்த எடத்துக்கே போயிடறேன் என்றாள் பவுனு. அங்க என்னடி இருக்கு, வாய மூடிட்டு சோத்தப் போடு என்றேன்.

திங்கள் முதல் பழையபடி ஜங்புராவில் வீட்டுவேலை. இரண்டு பஸ் மாற வேண்டும், போய்விடுவேன். நீ இனி லேபிள் அச்சடிக்க வேண்டாம். மகராசியாக இரு.

முதல் வேலையாக, அங்கே வந்த குணா கையில் கொடுத்தனுப்பிய மோர் மிளகாயைக் குப்பையில் கொட்டு, கூட இருக்கும் பெண்களுக்கும் சொல். அது நான் போட்டதா அவள் போட்டதா என்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் என் பெயர்தான் ஒட்டியிருக்கிறது.

உன் நல்லதையே வேண்டும் அம்மா,
தங்கம்