பிளம் சாராயத்தில் அழிந்த எண்ணும் என் கணவர் வரவேண்டிய வண்டியும்

அனுப்புநர்:
யகோதா திராய்லோவிச் (வயது 53),
தேவாலயப் பின்தெரு,
ஷ்லிவார் கிராமம், கிழக்கு செர்பியா.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
இறக்குமதி வாகன ஒப்புதல் பிரிவு.

பொருள்: வியன்னாவிலிருந்து வந்த சாம்பல்நிறக் காருக்கு இணக்கச் சான்று கிடைக்க வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டு முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருந்த தொழிற்சாலை லேபிளை அழித்தது நாங்கள்தான். மே மாதம் வண்டி வீடு வந்த அன்று, எங்கள் திருமணத்துக்குச் சாட்சி நின்ற போஷா, ஊர் வழக்கப்படி அதைப் பிளம் சாராயத்தால் நனைக்க வந்தார். மற்றவர்கள் சக்கரத்தில் நாலு சொட்டு விட்டு மீதியைக் குடிப்பார்கள். போஷாவுக்கு எங்கள்மேல் பிரியம் அதிகம். "அரைகுறையா நனைச்சா பாதி வழியில நின்னுரும் யகோதா" என்று கூரை முதல் கதவிடுக்கு வரை ஊற்றி, கைக்குட்டையால் துடைத்தும் விட்டார். அவர் வீட்டுச் சாராயம் கடுமையானது. லேபிளில் இருந்த எழுத்தெல்லாம் கைக்குட்டைக்குப் போய்விட்டது. கைக்குட்டையை அவர் மனைவி துவைத்துவிட்டார்.

2. வண்டி விதிப்படி செய்யப்பட்டதுதான் என்று தயாரித்த நிறுவனம் தரும் இணக்கச் சான்று இல்லாமல் பதிவு கிடையாது என்கிறது தங்கள் அலுவலகம். லேபிளின் படம் இல்லாமல் சான்று கிடையாது என்கிறார் நிறுவனத்தின் முகவர். படம் அனுப்பினேன். "அம்மா, வெறும் வெள்ளைத்தாளா இருக்கு, இதுல நான் என்னத்தப் படிக்க?" என்று போனில் கேட்டார். "மோந்து பாருங்க தம்பி, தெரியும்" என்றேன். அதன்பின் அவர் என் போனை எடுப்பதில்லை. அது என் வாயால் வந்தது. அவர்மேல் புகார் இல்லை.

3. என் கணவர் ஸ்வெதோலிக் பத்தொன்பது வருடமாக வியன்னாவில் கட்டட வேலை செய்கிறார். கோடையில் ஒருமுறை, எங்கள் வீட்டுப் புனிதர் நாளான மித்ரோவ்தானுக்கு ஒருமுறை வருவார். இந்த வருடம் வேலையை விட்டு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லி, இந்தக் காரை வாங்கி, தற்காலிக எண்ணில் ஊர்க்காரர் ஒருவரிடம் முன்னால் அனுப்பினார். வண்டி வந்துவிட்டது. ஜூலையில் அவர் சாரத்திலிருந்து விழுந்தார்.

4. இடுப்பு முதல் கணுக்கால் வரை இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். காலை மடக்க முடியாது. மடக்கினால் ஏற்றுகிறோம் என்கிறார்கள், வியன்னாவிலிருந்து ஊருக்கு ஆள் ஏற்றிவரும் வேன்காரர்கள். இந்தக் காரின் முன்சீட்டு முழுதும் சாயும். படுத்தபடி போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஓட்ட நான் இருக்கிறேன், உரிமம் இருக்கிறது. தற்காலிக எண்தான் ஜூனிலேயே காலாவதியாகிவிட்டது.

5. தினமும் போன் செய்கிறார். "என்னடி, என் வண்டியில கோழி முட்ட போட்டாச்சா?" என்பார். போன மாதம் குளிர்காலத் தொக்குக்குக் குடமிளகாய் சுடும்போது போனை அடுப்பருகே வைக்கச் சொன்னார். தோல் வெடிக்கும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "மணம் வரல, இன்னும் கிட்ட வை" என்றார். வைத்தேன்.

6. நவம்பர் எட்டு மித்ரோவ்தான். வீட்டுக்காரர்தான் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். இதுவரை ஒரு வருடமும் அவர் தவறியதில்லை.

ஆகவே ஐயா, லேபிளில் இருந்த அதே எண் வண்டியின் அடிச்சட்ட இரும்பிலும் வெட்டியிருக்கிறது, அது அப்படியே இருக்கிறது. போஷா அதிலும் ஊற்றினார், ஒன்றும் ஆகவில்லை. தங்கள் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து அந்த எண்ணைப் பார்த்து, அது போதும் என்று முகவருக்கு ஒரு கடிதம் எழுதினால் சான்று வந்துவிடும். பதிவு எண் இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது என்பதால், முற்றத்துக்குள்ளேயே தினம் பன்னிரண்டு மீட்டர் முன்னால், பன்னிரண்டு மீட்டர் பின்னால் ஓட்டிப் பழகுகிறேன். முன்பக்கம் வியன்னா இருக்கும் திசை. மீதித் தூரத்துக்குத் தாங்கள்தான் மனம் வைக்க வேண்டும்.

இடம்: ஷ்லிவார்
நாள்: அக்டோபர் 14

இப்படிக்கு,
யகோதா திராய்லோவிச்

பின்குறிப்பு: மனுவை எழுதி முடித்துவிட்டு இன்றைய பழக்கத்துக்கு வண்டியை எடுத்தேன். பதினான்கு மீட்டர் போய்விட்டேன். வாயிற்கதவு தெருவில் கிடக்கிறது. வண்டிக்குச் சேதம் இல்லை. பொறியாளர் வந்தால் கதவைத் தட்ட வேண்டியதில்லை.